ஜாம் மிஸ்ஸி எழுதிய நேரம்

எங்கள் ஆஸ்பத்திரியில் அவருடைய பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. ஜாம் மிஸ்ஸி என்றால்தான் தெரியும். தாதியை மிஸ்ஸி என்பது மலாயாவில் எல்லாருக்கும் பழக்கம். ஜாம் என்றால் மலாயில் கடிகாரம். வெள்ளைச் சட்டையின் இடப்பக்கம் ஊசி குத்தி, ஒரு சின்னக் கடிகாரத்தைத் தலைகீழாகத் தொங்கவிட்டிருப்பார். அதை விரலால் நிமிர்த்திப் பார்த்துவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பார். தன்னிடம் கடிகாரம் இருந்தும் எதிரில் நிற்பவரிடம் மணி என்ன என்று கேட்பார். "புக்குல் பெராப்பா?" நாம் சொல்வது அவருடையதோடு ஒத்துப்போனால் ஒரு தலையசைப்பு. ஒத்துப்போகாவிட்டால் நம் கடிகாரத்தை நின்ற இடத்திலேயே திருத்தியாக வேண்டும்.

அவரால் அவதிப்பட்டவர்கள் பலர். ஆபீஸ் சுவர்க் கடிகாரத்தை அவர் தினமும் வானொலி மணியோசைக்குச் சரிபார்ப்பதால் ஆபீஸ் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணிக்கு எரிச்சல். இரண்டு நிமிடம் தாமதமாக வந்தாலும் வருகைப் புத்தகத்தில் அந்த இரண்டு நிமிடத்தையும் எழுதிவிடுவதால் மற்றத் தாதியருக்கு எரிச்சல். காஜா பெராங் கோயிலில் தேர் அறிவித்த நேரத்துக்குப் பதினோரு நிமிடம் கழித்துப் புறப்பட்டதை அடுத்த நாள் கோயில் தலைவரிடமே போய்ச் சொன்னாராம். அவரோடு பஸ்ஸில் போன ஒரு தாதி, இனி நடந்தே வருகிறேன் என்றாள்.

எனக்கும் எரிச்சல் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நான் அந்த ஆஸ்பத்திரியின் டிஸ்பென்சர். மருந்தை எண்ணி, அளந்து, எழுதிக் கொடுப்பது என் வேலை. எதையும் வரிசைப்படுத்தி எழுதி வைக்காவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது. முப்பது கட்டில் கொண்ட அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் என்னைப் போல இன்னொருவர் இருக்கிறார் என்பது எனக்கு ஆறுதலாக இருந்தது.

அவர் மலாக்கா செட்டி வீட்டுப் பெண், பல தலைமுறைக்கு முன்பே இங்கே குடியேறிய தமிழர் வம்சம். காஜா பெராங்கில் கோயிலுக்குப் பின்னால் வீடு. சாமி நம் சாமி, நெற்றியில் நம் பொட்டு, வீட்டில் பேசுவது மலாய். அவருக்குத் தெரிந்த தமிழ்ச் சொற்களை ஒருமுறை எண்ணிப் பார்த்தேன். வலி, தண்ணி, மூச்சு, தள்ளு, போதும். பிரசவ வார்டுக்கு இந்த ஐந்தும் பெரும்பாலும் போதும். தோட்டத்திலிருந்து வரும் பெண்கள்தான் விடமாட்டார்கள். "சாமிக்கு மட்டும் தமிழு, எங்களுக்கு மலாயா, மிஸ்ஸி?" என்று வலிக்கு நடுவிலும் சீண்டுவார்கள். அவர் சிரித்துக்கொண்டே "தள்ளு" என்பார். ஐந்து சொற்களுக்கு மேல் தேவைப்பட்டால் என்னைக் கூப்பிட்டு அனுப்புவார்கள். நான் அலமாரியைப் பூட்டிவிட்டுப் போய் நடுவில் நின்று இரண்டு பக்கமும் சொல்வேன். அவர் என்னிடம் மலாயில் சொன்னதையெல்லாம் இங்கே தமிழில் எழுதுகிறேன்.

அப்படி ஒருமுறை போனது ஒரு செட்டிநாட்டு வீட்டுப் பிரசவத்துக்கு. பேரன் பிறந்திருந்தான். செவ்வாய்க்கிழமை, மாலை நாலு இருபத்திரண்டு. ஆச்சி வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார். நாலரை வரைக்கும் ராகு காலம். ஜாதகம் எழுத வேண்டிய பிள்ளை. பத்து நிமிடம் தள்ளிப் போடச் சொல்லு என்றார். நான் அதை மலாயில் சொன்னேன்.

ஜாம் மிஸ்ஸி கைகளைத் துடைத்துக்கொண்டு, நான் எழுதியது குழந்தை வந்த நேரம், என்றார்.

"அது தெரியுது. நாலு முப்பத்திரண்டுன்னு போட்டா ஒங்க கை கொறஞ்சா போயிரும்?"

நான் அதையும் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, ஆச்சி வேண்டுமானால் ஜோசியரிடம் எந்த நேரத்தையும் சொல்லிக்கொள்ளட்டும், தன் புத்தகத்தில் மட்டும் நாலு இருபத்திரண்டு இருக்கும் என்றார். நான் சொல்லி முடிப்பதற்குள் ஆச்சிக்குப் புரிந்துவிட்டது.

"பேச்சுத்தான் மலாய். பிடிவாதம் நம்ம பிடிவாதம்தான்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அடுத்த பேற்றுக்கும் இந்த ஆஸ்பத்திரிதான், அந்தப் பிடிவாதக்காரிதான் என்று மருமகளிடம் சொன்னாராம். ஜாதகம் பொய்யாக இருந்தால் யாருக்கு நஷ்டம் என்று வீட்டுக்குப் போய் யோசித்திருப்பார் போலிருக்கிறது.

ஏன் இப்படி என்று ஒரே ஒருமுறை அவரிடம் கேட்டேன். ஜப்பான்காரர்கள் ஆண்ட காலத்தில் மலாயா முழுவதும் கடிகாரங்களை டோக்கியோ நேரத்துக்குத் திருப்பி வைக்கச் சொன்னார்கள். ஒன்றரை மணி நேர வித்தியாசம். அப்போது அவர் பயிற்சியில் இருந்தார். அவருடைய வார்டில் ஒரு தாதி பழைய நேரத்தை எழுதினாள், இன்னொருத்தி புது நேரத்தை எழுதினாள். ஒரு குழந்தைக்கு ஒரே வேளை மருந்து இரண்டு தடவை போயிற்று. இதைச் சொல்லிவிட்டு, குழந்தை என்ன ஆயிற்று என்று நான் கேட்பதற்கு முன் கடிகாரத்தைப் பார்த்து, டியூட்டிக்கு நேரமாயிற்று என்று எழுந்து போனார்.

இனி அந்தச் சீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பூட்டி வைத்த அலமாரி மருந்து எதையும் டாக்டர் கையெழுத்தில்லாமல் கொடுக்கக் கூடாது என்பது சட்டம். தாதி ஒரு சீட்டில் கட்டில் எண், மருந்து, அளவு, கேட்ட நேரம் எல்லாம் எழுதுவாள். டாக்டர் கையெழுத்தும் நேரமும் போடுவார். அதன் பிறகு நான் அலமாரியைத் திறந்து மருந்தைக் கொடுத்து, கொடுத்த நேரத்தைச் சீட்டிலும் புத்தகத்திலும் எழுத வேண்டும். எங்கள் பழைய டாக்டர் வெள்ளைக்காரர், நல்ல மனிதர். ஆனால் அவர் ஒருவர்தான். காலையில் ஒரு சுற்று வந்துவிட்டு வெளியூர்க் கிளினிக்குகளுக்குப் போய்விடுவார். எனவே நாங்கள் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். தாதி சீட்டோடு வருவாள், நேரத்தைக் காலியாக விட்டிருப்பாள். நான் மருந்தைக் கொடுத்துவிட்டு என் புத்தகத்திலும் நேரத்தைக் காலியாக விடுவேன். மாலையில் டாக்டர் என் மேசையோரம் நின்று தேநீர் குடித்தபடி எல்லாச் சீட்டுகளிலும் கையெழுத்துப் போடுவார். அப்போது நேரங்களைப் பொருத்திக்கொள்வோம். அவர் நேரம் முன்னால், எங்கள் நேரம் ஐந்து நிமிடம் பின்னால். புத்தகம் எப்போதும் சரியாக இருந்தது. எப்போதும் அதே ஐந்து நிமிடம் என்பதைக் கூட யாரும் கவனித்ததில்லை.

ஜாம் மிஸ்ஸி மட்டும் சீட்டில் நேரத்தை எழுதிக் கொண்டுவருவார், மையில். டாக்டர் கையெழுத்துப் போடும்போது அவர் டியூட்டியில் இருந்தால் பக்கத்தில் வந்து நிற்பார். டாக்டர் பேனாவைத் தூக்கி ஏதோ ஒரு நேரம் எழுதப் போகும்போது, இப்போது மூன்று நாற்பது, டாக்டர், என்பார். டாக்டர் சிரித்துவிட்டு மூன்று நாற்பது என்றே எழுதுவார். மிஸ்ஸியின் சீட்டுகளுக்கு மட்டும் என் புத்தகத்திலும் நான் உண்மை நேரத்தையே எழுதினேன். சீட்டில் ஒன்று, புத்தகத்தில் ஒன்று என்று எழுத முடியாதே.

இன்னொன்றும் இருந்தது. அலமாரிக் கதவின் உட்புறத்தில் நான் ஓர் அட்டையைத் தொங்கவிட்டிருந்தேன். எந்த மருந்து எந்த நேரத்தில் யார் கைக்குப் போனது என்று பென்சிலில் எழுதி வைப்பேன். அது ஆஸ்பத்திரிப் பதிவு அல்ல. யாரும் கேட்டதில்லை. இருப்பு குறைந்தால் எனக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக ஆரம்பித்தது. அதில் எல்லாருடைய நேரமும் இருந்தது, உண்மையான நேரம்.

அந்தச் சீட்டு வந்த மதியம், பத்து பெரெண்டாம் என்ற ஊரைத் தாண்டி உள்ளே இருக்கும் ஒரு ரப்பர் தோட்டத்திலிருந்து லாரியில் ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். பிள்ளை லாரியிலேயே பிறந்துவிட்டது. பிள்ளைக்கு ஒன்றுமில்லை. தாய்க்கு ரத்தம் நிற்கவில்லை. கூட வந்த அக்காக்காரி வாசலில் நின்று, "தெரசரய்யா பாத்துட்டு எங்களால ஆவாது, டவுனுக்குக் கொண்டு போன்னுட்டாரு," என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். தெரசர் என்பது தோட்டத்து ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர்.

ஜாம் மிஸ்ஸி ஓடி நான் பார்த்ததில்லை. அன்றும் அவர் நடந்துதான் வந்தார். சீட்டை மேசையில் வைத்தார். ரத்தப்போக்கை நிறுத்தும் ஊசி மருந்து. நேரம் இரண்டு பத்து. டாக்டர் கையெழுத்துப் போடும் இடம் காலி.

டாக்டர் செமாபோக்கில் ஒரு வீட்டில் இருக்கிறார், அங்கே டெலிபோன் இல்லை, ஆள் அனுப்பியிருக்கிறது என்றார். பிறகு, "புக்குல் பெராப்பா?" என்றார்.

"இரண்டு பத்து," என்றேன்.

தலையசைத்தார். நான் அலமாரியைத் திறந்தேன். டாக்டர் வந்து கையெழுத்துப் போட்டபோது மூன்று நாற்பது. அந்தப் பெண் பிழைத்தாள். மூன்று மாதம் கழித்து பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து, தமிழ் தெரியாத மிஸ்ஸி எங்கே என்று கேட்டாள்.

அவள் கேட்டபோது மிஸ்ஸி வேலையில் இல்லை. விசாரணை முடியும்வரை வரவேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள்.

நடந்தது இதுதான். நாடு சுதந்திரம் அடைந்தது. பழைய டாக்டர் கப்பலேறிவிட்டார். புதிதாக வந்தவர் நம் நாட்டுக்காரர், இளைஞர், மரியாதையானவர். இனி எதுவும் வாய்ச்சொல்லில் நடக்கக் கூடாது, நம் நாட்டை நாம் ஒழுங்காக நடத்திக் காட்ட வேண்டும் என்று முதல் நாளே எங்களிடம் சொன்னார். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. பொறுப்பேற்றுக்கொள்ளும்போது என் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படித்தார். எல்லாத் தாதியருடைய வரிகளும் சுத்தமாக இருந்தன. ஒருவருடைய ஏழு வரிகளில் மட்டும் மருந்து முன்னால் போயிருந்தது, கையெழுத்துப் பின்னால் வந்திருந்தது. கெடுதல் நினைத்து அவர் புகார் எழுதவில்லை. பார்த்த பிறகு எழுதாமல் இருந்தால் தானும் குற்றவாளி என்று அவர் என்னிடம் சொன்னார். அதுவும் உண்மைதான்.

ஆஸ்பத்திரிக்குள் ஒரு விசாரணை வைத்தார்கள். என்னைச் சாட்சியாகக் கூப்பிட்டார்கள். அதற்கு முந்தின நாள் பெரிய கிராணி என் கண்ணாடித் தடுப்பு வழியாகக் குனிந்து, "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லும்மா. கேக்காததையெல்லாம் நீயாச் சொன்னா ஒன் தலையிலதான் விடியும்," என்றார். அவர் பயப்படுத்தவில்லை. என்மேல் பிரியம் உள்ளவர்.

என்னிடம் மூன்று கேள்விகள் கேட்டார்கள். இது உன் கையெழுத்தா? ஆம். மருந்து கொடுத்தபோது சீட்டில் டாக்டர் கையெழுத்து இருந்ததா? இல்லை. புத்தகத்தில் உள்ள நேரங்கள் சரியா?

மூன்றாவது கேள்வி அந்த ஏழு வரிகளைப் பற்றியது. அந்த ஏழும் சரி. சரி என்றேன். மற்ற வரிகளைப் பற்றி அவர்கள் கேட்கவில்லை. ஜாம் மிஸ்ஸி எதிரில் உட்கார்ந்திருந்தார். நான் சொன்ன ஒவ்வொரு பதிலுக்கும், மணி சரியாகச் சொன்னவருக்குச் செய்வது போல, தலையசைத்தார்.

விசாரணை அறிக்கை கோலாலம்பூருக்குப் போயிற்று. தாதியர் பதிவேட்டில் யார் பெயர் இருக்கலாம், யார் பெயர் இருக்கக் கூடாது என்று தீர்மானிப்பது அங்கே உள்ள வாரியம். பெயர் நீக்கப்பட்டால் பிறகு எந்த ஆஸ்பத்திரியிலும் அவர் ஊசியைத் தொட முடியாது. வாரியத்திடமிருந்து ஒரு கடிதம் வந்தது. பெயரை ஏன் நீக்கக் கூடாது என்பதற்கு இருபத்தொரு நாளில் எழுத்தில் பதில் தரலாம், ஆதாரங்கள் இருந்தால் சேர்க்கலாம், நேரில் வந்தும் சொல்லலாம். நியாயமான கடிதம்தான். இன்றைக்கும் அதில் ஒரு குறை எனக்குத் தெரியவில்லை.

அவர் தன் பதிலை எழுதி எடுத்துக்கொண்டு மருந்துக்கூடத்துக்கு வந்தார். ஆங்கிலத்தில் நாலே வாக்கியம். மருந்து கொடுத்தது உண்மை. டாக்டர் அப்போது இல்லை. நேரங்கள் சரியானவை. தாய் உயிரோடு இருக்கிறாள். எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார்.

இதுதான் இங்கே எல்லாருடைய வழக்கமும் என்று எழுத வேண்டாமா என்று கேட்டேன்.

"மற்றவர்களுடைய நேரம் என்னிடம் இல்லை, அடிக்," என்றார். அடிக் என்றால் தங்கை. "இல்லாததை எப்படி எழுத?"

அலமாரிக் கதவு திறந்திருந்தது. அட்டை அதில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தார். ஒருமுறை அல்ல, பல தடவை அதில் நான் எழுதுவதைப் பார்த்தவர். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. எழுத்துப்பிழை எதுவும் இல்லை என்றேன். தாளை மடித்து எடுத்துக்கொண்டு போனார்.

அன்று மாலையே நான் ஒரு பட்டியல் எழுதினேன். கடிதம் வந்து எட்டாவது நாள். அட்டையையும் புத்தகத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதினேன். இருபத்துமூன்று வரிகள், நாலு தாதியர். ஒவ்வொரு வரியிலும் மருந்து உண்மையில் போன நேரம், டாக்டர் போட்டதாகப் புத்தகத்தில் உள்ள நேரம், கொடுத்ததாக நான் பிறகு எழுதிய நேரம். கீழே, இவை என் கையால் எழுதப்பட்டவை, அப்படி எழுதுவது எங்கள் ஆஸ்பத்திரி வழக்கம் என்று ஒரு வாக்கியம். கையெழுத்து. தேதி. எந்தத் தாளிலும் தேதி போடாமல் விட எனக்கு வராது.

பிறகு உட்கார்ந்து அதைப் படித்துப் பார்த்தேன். அது போனால் என்ன ஆகும் என்பதற்கும் மனத்துக்குள் ஒரு பட்டியல் போட்டேன். முதலில் என் டிஸ்பென்சர் சான்றிதழ் போகும். பொய் நேரம் எழுதியது நான். அடுத்து அந்த நாலு பேர். ஒருத்தி பிள்ளைத்தாய்ச்சி. ஒருத்தி வீட்டில் அவள் ஒருத்திதான் வேலைக்குப் போகிறவள். ஒருவர் பெயரைக் காப்பாற்ற ஐந்து பெயர்களைக் கொடுப்பதா என்று கேட்டுக்கொண்டேன். அது கணக்குப் போலத் தெரிந்தது. சரியான கணக்குப் போலவும் தெரிந்தது. பட்டியலை உறையில் போட்டு, வீட்டுக்கு எடுத்துப்போய் மேசையின் இழுப்பறையில் வைத்தேன். இன்னும் பதின்மூன்று நாள் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பிறகு பத்து நாள். பிறகு நாலு நாள்.

அவர் கோலாலம்பூருக்குப் போய்வந்தார். எப்படி நடந்தது என்று கேட்டேன். நாற்காலி கொடுத்தார்கள், தண்ணீர் கொடுத்தார்கள், பத்து மணி என்று எழுதிவிட்டுப் பத்து இருபதுக்குத்தான் ஆரம்பித்தார்கள் என்றார். வேறு தாதியரும் இப்படிச் செய்வதுண்டா என்று ஒரு பெண்மணி அவரிடம் கேட்டிருக்கிறார். எனக்குத் தெரியாது என்று சொன்னாராம்.

தெரியாதா மிஸ்ஸி என்றேன்.

"அவர்கள் கையெழுத்து வாங்கினதை நான் நேரம் பார்த்து எழுதி வைக்கவில்லை," என்றார்.

தீர்ப்பு இரண்டு பக்கம். அதன் நகலைப் பெரிய கிராணி எனக்குக் காட்டினார். பழைய டாக்டர் வாய்மொழியாக அனுமதித்திருக்கலாம் என்பதற்கு எழுத்தில் ஒன்றும் இல்லை என்றது ஒரு வாக்கியம். அது சரி. அவர் எங்கோ கடலுக்கு அப்பால் இருந்தார். அடுத்த வாக்கியத்தை நான் மூன்று தடவை படித்தேன். அதே ஆஸ்பத்திரியில், அதே நிலைமையில், மற்றத் தாதியர் அனைவரும் விதியைத் தவறாமல் கடைப்பிடித்திருக்க, இவர் மட்டும் திரும்பத் திரும்ப மீறியிருப்பதால் பெயர் நீக்கப்படுகிறது.

வாரியம் அந்த வாக்கியத்தைக் கற்பனை செய்யவில்லை. என் புத்தகத்தைப் பார்த்து எழுதியது. மற்றவர்கள் கடைப்பிடித்ததாக அதில் எழுதி வைத்தது நான்.

நீதிமன்றத்துக்குப் போக முப்பது நாள் தந்திருந்தார்கள். அந்த முப்பது நாளும் போயிற்று.

அதற்குப் பிறகு எங்கள் ஆஸ்பத்திரியில் யாரும் கையெழுத்தில்லாத சீட்டைக் கொண்டுவரவில்லை. நேரங்களைப் பொருத்துவதும் நின்றது. சில மாதம் கழித்து ஒரு மதியம், இன்னொரு பெண்ணுக்கு ரத்தம் நிற்கவில்லை. தாதி சீட்டோடு என் முன்னால் நின்றாள். டாக்டரைக் கூட்டிவர ஆள் போயிருந்தது. சாவி என் கையில் இருந்தது. அவளும் கேட்கவில்லை, நானும் திறக்கவில்லை. இருவரும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். முப்பத்தைந்து நிமிடம். தினமும் அதைச் சரிபார்க்க ஆள் இல்லாததால் அது சரியான முப்பத்தைந்து நிமிடமா என்பதும் தெரியவில்லை. அந்தப் பெண்ணும் பிழைத்தாள். ஆனால் மூன்று வாரம் எழுந்து உட்கார முடியாமல் கிடந்தாள்.

புது டாக்டர் அன்று முகம் கொடுத்துப் பேசவில்லை. அடுத்த வாரம் ஓர் உத்தரவு எழுதி ஆஸ்பத்திரிக் கமிட்டியின் ஒப்புதல் வாங்கினார். டாக்டர் இல்லாத நேரத்தில், பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு நிற்காவிட்டால், பதிவு பெற்ற தாதி அந்த ஊசியைத் தானே போடலாம். டாக்டர் பிறகு கையெழுத்துப் போடுவார். ஒரே ஒரு நிபந்தனை. மருந்து கொடுத்த உண்மையான நேரத்தைத் தாதி தன் கையால் உடனே எழுத வேண்டும். அதை என் மேசைக்கு மேலே ஒட்டச் சொன்னார். ஒட்டும்போது, இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும் என்று ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார். என்னிடம் சொன்னாரா, தனக்குத்தானே சொன்னாரா தெரியவில்லை.

ஆச்சியின் மருமகள் அடுத்த பிரசவத்துக்கு வந்தது அந்தச் சமயத்தில்தான். அந்தப் பிடிவாதக்காரி எங்கே என்று ஆச்சி என்னிடம் கேட்டார். இப்போது இங்கே இல்லை என்றேன். "தூக்கிட்டாங்களாக்கும். நேரஞ் சரியாச் சொல்ற ஆளு ஒருத்திதான் இருந்தா," என்றார். நான் மருந்தை எண்ண ஆரம்பித்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் காஜா பெராங்குக்குப் போனேன். உத்தரவின் நகல் ஒன்று, இழுப்பறையில் இருந்த உறை. இரண்டையும் கைப்பையில் வைத்திருந்தேன்.

மரவீடு. வாசல் மேல் மாவிலை காய்ந்து தொங்கியது. அவர் கெபாயாச் சட்டையும் சாரோங் கைலியும் உடுத்தியிருந்தார். வெள்ளைச் சட்டை இல்லாமல் அவரை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. கெபாயாவின் இடப்பக்கத்தில் அதே கடிகாரம் தலைகீழாகத் தொங்கியது. முன்னறையில் பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி காய்ச்சல்காரக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். டாக்டர் கொடுத்த மருந்துப் பாட்டில் பக்கத்தில் இருந்தது. அதை அவர் தொடவில்லை. அடுத்த வேளை எத்தனை மணிக்கு என்று மட்டும் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, சாப்பிட்டாயா என்று கேட்டு, தட்டில் பலகாரம் வைத்தார்.

முதலில் உத்தரவைக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதையும் படித்தார். நல்லது என்றார். யார் எழுதினது என்று கேட்டார். புது டாக்டர் என்றேன். நல்ல பையன் என்றார்.

பிறகு உறையைக் கொடுத்தேன். அவர் பட்டியலை மடியில் விரித்து வைத்து, ஒவ்வொரு வரியாக விரலை ஓட்டினார். இருபத்துமூன்று வரிகள். நான் பலகாரத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வீட்டுச் சுவர்க் கடிகாரத்தின் சத்தம் கேட்டது. விரல் கடைசி வாக்கியத்துக்கு வந்தது. என் கையெழுத்துக்கு வந்தது. தேதிக்கு வந்து அங்கேயே நின்றது.

வாரியத்தின் கடிதம் எந்த நாள் வந்தது என்பதை மறக்கக்கூடியவர் அல்ல அவர். எட்டாவது நாள் என்று எண்ணிக்கொள்ள அவருக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? நான் அந்தத் தேதியைப் போடாமல் விட்டிருக்கலாம். வேறு தேதி போட்டு வேறொரு தாளில் எழுதி எடுத்துவந்திருக்கலாம். அப்படி எழுதித்தானே வேலை பார்த்தேன்.

அவர் நிமிர்ந்தார். கோபம் இருக்கிறதா என்று தேடினேன். தேதிக்குப் பக்கத்தில் இருந்த வெற்றிடத்தை விரலால் தட்டினார்.

"புக்குல் பெராப்பா?" என்றார்.

எனக்கு நினைவு இருந்தது. அன்று வேலை முடிந்ததும் மருந்துக்கூட மேசை முன்னாலேயே உட்கார்ந்தேன். எழுதி முடித்தபோது கடிகாரத்தைப் பார்த்தேன்.

"ஐந்து நாற்பத்தைந்து," என்றேன்.

அவர் பேனாவை எடுத்துக் கொடுத்தார். நான் தேதிக்குப் பக்கத்தில் 5.45 என்று எழுதினேன். அவர் தலையசைத்தார். பேனாவைத் திருப்பி வாங்கிக்கொண்டு, அதற்குக் கீழே ஆங்கிலத்தில், பெற்றுக்கொண்டேன் என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, அன்றைய தேதியை எழுதினார். கெபாயாவிலிருந்த கடிகாரத்தை நிமிர்த்திப் பார்த்தார்.

3.20 என்று எழுதி, தாளை மடித்து என்னிடமே கொடுத்தார்.